பச்சைப் பாலில் லாக்டேஸ் இருக்கிறதா, இல்லையா?

வெப்பமானி:
காய்கறித் தோட்டத்திற்கு எரு இடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில், கறந்தபால் என்பவர் நேற்றுப் போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "காய்ச்சாத பாலில் லாக்டேஸ் நொதி இருக்கிறது, காய்ச்சும்போது அது அழிந்துபோவதால்தான் பலருக்கு வயிறு உப்புகிறது." படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பசுவின் பாலில், காய்ச்சியதாயினும் காய்ச்சாததாயினும், லாக்டேஸ் கிடையாது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் அந்த நொதி சுரப்பது குடிப்பவரின் சிறுகுடலில். இல்லாத ஒன்றை அடுப்பில் வைத்து எப்படி அழிப்பது என்று அவர் விளக்கினால் கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

கறந்தபால்:
தம்பி, நான் 22 ஆண்டுகளாகக் கறந்த சூடு ஆறுமுன் பாலைத் துணியில் வடிகட்டிக் குடித்துவருபவன். காய்ச்சிய பாலில் ஒரு குவளை குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு கடமுடா என்கிறது. பச்சைப் பாலை ஒரு செம்பு குடித்தாலும் ஓசையில்லை. லாக்டேஸ் இல்லையென்றால் இது எப்படி நடக்கிறது? உங்கள் புத்தகத்தில் இல்லாதது பாலிலும் இல்லை என்று ஆகிவிடாது.

மண்புழு:
ஐயா இருவருக்கும் ஒரு விண்ணப்பம். பச்சைப் பால் என்று எதைச் சொல்கிறோம்? ஆலையில் பதப்படுத்தாமல் வாங்கி வீட்டில் பொங்கக் காய்ச்சுவதும் அதில் சேருமா, அடுப்பையே காணாதது மட்டுமா? இதை முடிவு செய்துகொண்டு பேசினால் நல்லது.

வெப்பமானி:
என்னைத் தம்பி என்று அழைப்பதால் பாலில் நொதி ஊறிவிடாது. பாலில் இயல்பாகவே உள்ள நொதிகள் உண்டு, மறுக்கவில்லை. லைப்பேஸ் உண்டு, லாக்டோபெராக்சிடேஸ் உண்டு, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் உண்டு. இவற்றில் கடைசியாகச் சொன்னது, 72 பாகை செல்சியஸில் 15 விநாடியோ 63 பாகையில் 30 நிமிடமோ பாலைச் சூடாக்கினால் செயலிழந்துவிடும் என்பதால், பால் ஒழுங்காகப் பதப்படுத்தப்பட்டதா என்பதைச் சோதிக்கவே அதைத் தேடிப் பார்க்கிறார்கள். இந்த வரிசையில் லாக்டேஸ் எங்கே? உங்கள் வயிற்றைச் சாட்சிக்கு அழைத்தீர்கள். நான் 16 வயிறுகளை அழைக்கிறேன். 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் வெளியிட்ட ஆய்வில், பால் செரிக்காத 16 பேருக்குப் பச்சைப் பாலையும் பதப்படுத்திய பாலையும் வெவ்வேறு வாரங்களில் கொடுத்து, லாக்டோஸ் செரிக்காமல் போனால் அவர்கள் மூச்சில் கூடுதலாக வரும் ஹைட்ரஜனை அளந்து பார்த்தார்கள். பச்சைப் பாலால் செரிமானம் மேம்படவில்லை.

கறந்தபால்:
பதினாறு பேர்! ஒரு பந்தியில் ஒரு வரிசைக்கும் காணாது. பாலில் வாழும் நல்ல நுண்ணுயிரிகள் லாக்டேஸை உண்டாக்குகின்றன. நான் சொன்னது அதைத்தான். ஐரோப்பாவில் பண்ணைகளில் பச்சைப் பால் குடித்து வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்று அதே ஆய்வாளர் கூட்டம்தானே எழுதியது? அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

வெப்பமானி:
நேற்று "பாலில் இருக்கிறது" என்றீர்கள், இன்று "நுண்ணுயிரி உண்டாக்குகிறது" என்கிறீர்கள். நாளை மாட்டின் மணியில் இருந்து வருகிறது என்பீர்கள் போலும். லாக்டோஸைச் செரிக்கும் அளவுக்கு அவை பெருகிவிட்டால் அதன் பெயர் பால் அன்று, தயிர். ஐரோப்பிய ஆய்வுகளைப் பொறுத்தவரை, அந்தத் தொடர்பைக் கண்டவர்களே குழந்தைகளுக்குப் பச்சைப் பால் கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கவில்லை. அந்த வரியை விழுங்கியவர் நீங்கள்.

பாத்திக்காரி:
நொதி இருக்கட்டும், நோயைப் பேசுங்கள். மால்டா தீவில் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலுக்கு ஆட்டுப்பாலே வழி என்று 1905-இல் தெரிந்தது; மறு ஆண்டு அந்தப் பாலை நிறுத்தியதும் காய்ச்சல் சரிந்தது. பால் கொடுத்த ஆடுகள் பார்வைக்கு நோயின்றித்தான் இருந்தன. "என் மாடு நலமாக இருக்கிறது" என்று இந்தக் கறந்தபால் ஓயாமல் சொல்வதற்கு இதுவே விடை. ஆனால் இவரிடம் விடையை எதிர்பார்ப்பவள் நானல்லள். போன பருவத்தில் கீரைப் பாத்திக்குப் பச்சைச் சாணத்தை அப்படியே கரைத்து ஊற்றச் சொன்னவர் இவர்தான். மூன்றாம் நாள் நாற்றின் நுனி கருகியது. ஐந்தாம் நாள் பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக நூல் நூலாகக் கழன்று வந்தது. மன்னிப்பு என்ற சொல்லை இன்றுவரை கேட்கவில்லை.

கறந்தபால்:
அம்மணி, ஒரு பங்கு சாணத்திற்குப் பத்துப் பங்கு நீர் என்றுதான் எழுதினேன். அளவைப் பார்க்காமல் வாளியோடு கவிழ்த்துவிட்டு என் மேல் பழி போடுகிறீர்கள். உங்கள் பூசணியில் சாம்பல் நோய் வந்தபோது, நீரில் பத்தில் ஒரு பங்கு பால் கலந்து தெளிக்கச் சொன்னவன் யார்? இலையை விரலால் தடவினால் மாவு போல ஒட்டியது, இப்போது பச்சை தெரிகிறது என்று துள்ளியவர் யார்? அந்தப் பாலில் உயிர் இருந்ததால்தானே நோய் போயிற்று?

பாத்திக்காரி:
நான் தெளித்தது பொங்கக் காய்ச்சி ஆற வைத்த பாலை. அதற்குப் பிறகு நான்கு நாள் தோட்டத்தில் புளித்த வாடை அடித்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

வெப்பமானி:
பாலால் சாம்பல் நோய் அடங்கும் என்பதைப் பிரேசிலில் சீமைச் சுரைக்காய்ச் செடிகளில் சோதித்து 1999-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இலையின் மேல் பூசணத்தை அடக்குவதும் குடலில் லாக்டோஸைச் செரிப்பதும் ஒன்றல்ல. சாணத்தைப் பற்றி ஒன்று: ஓ157 என்ற ஈ.கோலை நுண்ணுயிரி வகை மாட்டின் குடலில் மாட்டுக்கு ஒரு தொல்லையும் தராமல் வாழ்கிறது. சாணத்தின் வழியாக மடிக்கும் வரும், கீரைக்கும் வரும். சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடக்கூடியது. பத்துப் பங்கு நீர் அதைக் கொல்லாது. மண்ணைத் தொடும் பயிராயின், மக்காத எருவை மண்ணில் கலந்து 120 நாள் கழித்தே அறுவடை செய்ய வேண்டும் என்கிறது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. காய்ச்சாத பால், மக்காத எரு என்று இரண்டு பக்கமும் ஒரே பிழையைத்தான் இவர் அறிவுரையாக வழங்கிவருகிறார். சரி, லாக்டேஸ் எங்கே?

மண்புழு:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. வீட்டில் காய்ச்சுவது எந்தக் கணக்கில் சேரும்?

கறந்தபால்:
விதிகளை மனப்பாடம் செய்தவருக்கு ஒரு மாட்டின் காம்பை எப்படிப் பிடிப்பது என்று தெரியுமா? இந்த 22 ஆண்டில் ஒரு நாள் காய்ச்சலில் படுத்ததில்லை. லாக்டேஸ் இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது. பாத்திக்காரி அம்மணியும் கேட்டுக்கொள்ளட்டும்: சுரை விதை வேண்டும் என்று இனி என்னிடம் வர வேண்டாம்.

பாத்திக்காரி:
நீங்கள் கொடுத்த 12 விதைகளில் 3 முளைத்தன. கணக்கை நானும் வைத்திருக்கிறேன்.

வெப்பமானி:
விதைக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று முறை "இருக்கிறது" என்று எழுதியவர், பாலில் லாக்டேஸை அளந்த ஒரே ஒரு சோதனையையாவது காட்டட்டும். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.