புதுப்பிப்பு: கைட்டோசான் நானோதுகள் ஏன் கட்டிதட்டுகிறது?

இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பாலிமரில் மருந்தேற்றும் நானோதுகள் செய்யும் முறையை முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அதிகம் வந்த கேள்வி: கலவை மெல்லக் கலங்காமல் கட்டிதட்டுவது ஏன்?

முதலில் பிஎச் பாருங்கள். 0.1% கைட்டோசானை 1% அசிட்டிக் அமிலத்தில் இரவு முழுக்கக் கலக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பிஎச்சை 5க்கு அருகில் நிறுத்துங்கள். 6.5ஐ நெருங்கினால் அதன் அமீன்கள் (நேர்மின்னேற்றம் தாங்கும் பகுதிகள்) மின்னேற்றம் இழந்து கைட்டோசானே வீழ்படிவாகிவிடும்.

அடுத்தது விகிதம். 5 மி.லி. கைட்டோசானுக்கு 0.1% டிரைபாலிபாஸ்பேட் (கைட்டோசானைத் துகளாகப் பிணைக்கும் எதிர்மின் உப்பு) 1 மி.லி., காந்தக் கலக்கி ஓட, சொட்டுச்சொட்டாக. நீலம் பாய்ந்த மங்கல் வந்தால் சரி. வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் பாஸ்பேட் கூடிவிட்டது, அல்லது வேகமாக ஊற்றியிருக்கிறீர்கள். மூலக்கூறு எடை அதிகமான கைட்டோசானிலும் துகள் பெரிதாகும்.

மையவிலக்கில் இறுகிய படிவு மீண்டும் கலையாது. குழாயின் அடியில் 20 மைக்ரோலிட்டர் கிளிசரால் இட்டுச் சுழற்றுங்கள். உறையுலர்த்தும் முன் 5% டிரெஹலோஸ் (துகளைக் காக்கும் சர்க்கரை) சேருங்கள்.

தயவுசெய்து ஓட்டின் புரத நீக்கத்தை அவசரப்படுத்த வேண்டாம். எஞ்சும் டிரோபோமயோசின் இறால் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம். உணவுத் தரக் கைட்டோசானை அப்படியே ஊசிமருந்துக்கு எடுக்கவும் கூடாது. எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனை கட்டாயம்.