தளவடிப்பான், ஒளிவிரவி: இரு சொற்களுக்கான முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒளிப்படக்கலைச் சொற்பட்டியலில், வில்லைக்கு முன்னால் திருகிப் பொருத்தும் கண்ணாடிகளுள் இரண்டுக்கு இன்னும் சொல் முடிவாகவில்லை. நீர், கண்ணாடி போன்ற பரப்புகளின் மினுமினுப்பைக் குறைக்கும் போலரைசருக்கு 'முனைவாக்க வடிகட்டி' என்றும் படத்தில் ஒளியை மென்மையாகப் படரவிடும் டிஃப்யூஷன் ஃபில்டருக்குச் 'சிதறல் வடிகட்டி' என்றும் முன்மொழிந்திருக்கிறீர்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஆனால் காரணங்கள் வேறு வேறு.

முனைவாக்கம் இலங்கை வழக்கில் பயின்ற நண்பர்களுக்குப் பழகிய சொல் என்பதை அறிவேன். 'போலரைசேஷன்' என்ற மூலச்சொல்லுக்கு அது நேராகவே அமைந்திருக்கிறது. சிக்கல் அந்த மூலச்சொல்லில்தான் இருக்கிறது. 1808-இல் பாரிசில் இயற்பியலாளர் எத்தியன் லூயி மாலுஸ், லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல்களில் பட்டுத் திரும்பிய வெயிலைக் கால்சைட் படிகத்தின் வழியே பார்த்து, படிகத்தைத் திருப்பத் திருப்ப அதில் தெரிந்த இரட்டை உருவங்களுள் ஒன்று மங்கி மற்றொன்று பொலிவதைக் கண்டார். ஒளியைத் துகள்களாகக் கருதியவர் அவர். காந்தத்துக்கு இருப்பதைப் போல அத்துகள்களுக்கும் முனைகள் உண்டென்று எண்ணி 1811-இல் அந்தப் பெயரை வைத்தார். ஒளி ஒரு குறுக்கலை, அதாவது செல்லும் திசைக்குக் குறுக்காக அதிரும் அலை, என்று பின்னர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல் காட்டியதும் முனை மறைந்தது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. பழக்கத்தின் காரணமாக ஐரோப்பிய மொழிகள் சுமக்கும் பிழையை நாம் மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. மின்காப்புப் பொருளில் நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்பதற்கு முனைவாக்கம் மிகப் பொருத்தமான சொல். அங்கே உண்மையாகவே முனைகள் உண்டு. ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் அமைவதற்கோ தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் நூல்கள் 'தளவிளைவு' என்று தனிச்சொல் வைத்திருக்கின்றன. அதன் வழியே போலரைசரைத் 'தளவடிப்பான்' எனலாம். இணையதளங்களை முடக்கும் மென்பொருள் போல ஒலிக்கிறது என்று நண்பர் ஒருவர் கேலி செய்திருந்தார். கேமராப் பையிலிருந்து எடுக்கும்போது அந்த ஐயம் எழாது என நம்புகிறேன்.

கண்கூச்சத்தை நீக்குவது என்ற பொருளில் போலரைசருக்கு வந்த 'கூச்சநீக்கி' என்ற மாற்று முன்மொழிவு காதுக்கு இனிமையாக இருந்தாலும் பொருளில் பிசகுகிறது. கோயில் குளத்தின் படியில் நின்று, நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்த்தபடி இந்தக் கண்ணாடியை வளையத்தில் மெல்லத் திருப்பினால், வெள்ளித் தகடாக மின்னிய நீர் ஒரு கட்டத்தில் திறந்துகொண்டு, பாசி படிந்த கீழ்ப்படிகளும் அவற்றின்மேல் அசையும் மீன்களும் தெரியத் தொடங்கும். அதே படியில் வைத்திருக்கும் பித்தளைக் குடத்தின் பளபளப்போ எவ்வளவு திருப்பினாலும் பெரிதாகக் குறையாது. நீரிலும் கண்ணாடியிலும் இலையிலும் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரு தளத்தில் அதிர்கிறது. உலோகத்தில் பட்டுத் திரும்புவது அவ்வாறு இல்லை. ஆகவே இக்கருவி நீக்குவது கூச்சத்தை அன்று, ஒரு தளத்தின் அதிர்வைத்தான். மற்றதை விடுத்து ஒன்றை மட்டும் தடுப்பதால் 'வடிப்பான்' என்பதும் இதற்கு முழுமையாகப் பொருந்தும்.

டிஃப்யூஷன் கண்ணாடிக்கு அது பொருந்தாது. இது எதையும் வடிகட்டுவதில்லை. கண்ணாடியில் பதிந்த நுண்துகள்களோ, பரப்பில் எழுப்பிய சிறு குமிழ்களோ, அக்காலத்து ஒளிப்பதிவாளர்கள் வில்லையின் மேல் இழுத்துக் கட்டிய பட்டுக் காலுறையோ, பூசிய வாசலினோ, எதுவானாலும் செய்யும் வேலை ஒன்றுதான்: ஒளியின் பெரும்பகுதியை நேரே விட்டுவிட்டு, சிறு பகுதியைச் சற்றே விலக்குவது. 'சிதறல்' என்று இதைச் சொன்னால், வானம் நீலமாவதற்கான சிதறலோடு கலந்துவிடும். அந்தச் சிதறல்தான் சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தின் ஒளியைத் தளவிளைவுக்கு உள்ளாக்குகிறது; தளவடிப்பானால் அந்தப் பகுதி கருநீலமாவதும் அதனால்தான். ஒரே கையேட்டின் அடுத்தடுத்த பத்திகளில் ஒரே சொல் இரு வேலை செய்வது மாணவரைக் குழப்பும்.

இங்கே 'விரவல்' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். மணமேடையில் குத்துவிளக்கின் அருகே அமர்ந்த மணப்பெண்ணை இந்தக் கண்ணாடி போட்டு எடுத்த படத்தைப் பாருங்கள். சுடரின் விளிம்பு கூர்மையாகவே இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றிய மென்மையான ஒளி அருகிலுள்ள கருங்கூந்தலுக்குள் கசிந்து, இருளோடு கலந்து நிற்கிறது. குவியம் தவறிய படத்தில் விளிம்பே கரைந்துபோகும். இங்கே கூர்மையும் மங்கலும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இரு திணைக்கும் பொதுவாக வரும் பெயரை விரவுப்பெயர் என்று இலக்கணம் சொல்வது இந்தக் கலப்புப் பொருளில்தானே? வாயுக்களின் விரவலைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம் என்பதால் 'ஒளிவிரவி' புதிதாகவும் தோன்றாது. 'விரவி' வினையெச்சம் போல இருக்கிறது என்று யாரேனும் சொல்லக்கூடும், 'வடிகட்டி'யும் அப்படித்தான். நிழற்பகுதி வெளிறாதிருக்கக் கருந்துகள் சேர்த்த வகையைக் 'கருவிரவி' எனலாம். கடையில் இவை 1/8, 1/4, 1/2 என்று வலிமை குறித்து விற்கப்படுவதால், அரைக்கால் விரவி, கால் விரவி, அரை விரவி என்று பின்னங்களைக் குறிக்கும் நம் கீழ்வாய்ச் சொற்களே கைகொடுக்கின்றன.

எனக்கு விடை கிடைக்காதது ஒன்று உண்டு. இன்று விற்கும் தளவடிப்பான்களுள் பெரும்பாலானவை 'சர்குலர்' வகை. முன்பக்கம் தளவடிப்பான், பின்பக்கம் ஒளியின் அதிர்வுத் திசையைச் சுழல வைக்கும் கால் அலைத்தகடு; வில்லை வழி வரும் ஒளியைக் கண்ணாடியால் திருப்பிக் காட்டும் எஸ்.எல்.ஆர். கேமராவின் பகுதி எதிரொளிப்புக் கண்ணாடியால் ஒளியளவியும் தானியங்கிக் குவியமும் ஏமாறாதிருக்க இந்த ஏற்பாடு. 'வட்டத் தளவடிப்பான்' என்றால் கண்ணாடியின் வடிவத்தைச் சொல்வதாகவே படிப்பவர் கொள்வார்; நானே நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். வளையத்தில் சுழற்றுகிற பொருளைச் 'சுழல்' என்பதும் அதே குழப்பத்தில்தான் விடும். 'காலலைத் தளவடிப்பான்' என்று எழுதிப் பார்த்தேன். பாதத்தில் மோதும் கடலலை நினைவுக்கு வருகிறது. இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்; மற்ற இரண்டையும் பட்டியலில் ஏற்றலாம் என்பது என் கருத்து.

அன்புடன்.