இரவில் 18, காலையில் 10: மண்டையோட்டு உள்ளழுத்தத்தில் எந்த அளவை நம்புவது?

கேள்வி

வணக்கம். நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் பணியில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. தலைக்காயத்துக்காக இ.வி.டி. குழாய் (மூளை அறைகளிலிருந்து நீரை வெளியே வடிக்கும் குழாய்) பொருத்தப்பட்ட நோயாளி ஒருவருக்கு, இரவுப் பணியிலிருந்த சிஸ்டர் கடைசியாக ஐ.சி.பி. (மண்டையோட்டு உள்ளழுத்தம்) 18 மி.மீ. பாதரசம் என்று குறித்திருந்தார். காலையில் நான் பொறுப்பேற்றபோது மானிட்டர் 10 காட்டியது. கண்மணிகளிலோ ஜி.சி.எஸ். எனும் நினைவுநிலை அளவிலோ எந்த மாற்றமும் இல்லை. இந்த 10ஐ நம்பி ரவுண்ட்ஸில் மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். நான் முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில் 1

சிஸ்டர், முதலில் மட்டத்தைப் பாருங்கள். அழுத்தத்தை அளக்கும் கருவியான டிரான்ஸ்டியூசரின் ஜீரோ புள்ளி நோயாளியின் காதுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும். மூளை அறைகளை இணைக்கும் மன்றோ துவாரம் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கவோ உடல் துடைக்கவோ கட்டிலை இறக்கிவிட்டு, தனி ஸ்டாண்டில் இருக்கும் டிரான்ஸ்டியூசரை அப்படியே விட்டுவிட்டால், அது தலைக்கு மேலே நின்று அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். 13.6 செ.மீ. நீர் 10 மி.மீ. பாதரசத்துக்குச் சமம் என்பதால், கட்டில் 11 செ.மீ. இறங்கினாலே அளவு 8 குறைந்துவிடும். பிரெயின் டிராமா ஃபவுண்டேஷனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 22க்கு மேல் சென்றால் சிகிச்சை தேவை என்கிறது. இந்தப் பிழையோடு பார்த்தால் உண்மையான 24கூட திரையில் 16 ஆகத்தான் தெரியும்.

அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது, குழாய் வழியே நீர் வடிந்து சேரும் கலமும் அதே ஸ்டாண்டில் இருப்பதுதான். கட்டில் இறங்கினால் வடிதல் குறைந்து அழுத்தம் உண்மையிலேயே ஏறக்கூடும். கட்டிலை உயர்த்தினால் நீர் அளவுக்கு மீறி வடிந்து, மூளை அறைகள் சுருங்கி, இரத்தக் கசிவு வரை போகலாம். ஆகவே கட்டிலைத் தொடும் முன் குழாயை மூடுவதும், மட்டம் பார்த்தபின் மறக்காமல் திறப்பதும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்று: அளவெடுத்தபோது வடிகுழாய் திறந்திருந்ததா? திறந்திருக்கும்போது தெரியும் எண்ணைக் குறிக்கக் கூடாது. ஸ்டாப்காக்கைத் திருப்பி வடிதலை நிறுத்தி, அலை நிலைபெறும் வரை காத்திருந்து எழுதுங்கள். அலையில் பி1, பி2, பி3 என மூன்று முகடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும். தட்டையான அலைக்கு அருகில் தெரியும் எண்ணுக்கு மதிப்பில்லை. பி2, பி1ஐவிட உயர்ந்திருந்தால், எண் சாதாரணமாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூளையின் தாங்குதிறன் குறைந்துவருகிறது என்பதற்கு அது அறிகுறி. ஆர்ட்டீரியல் லைனில் (தமனியில் இரத்த அழுத்தம் அளக்கும் குழாய்) பழகிய கையோடு இந்த டிரான்ஸ்டியூசரில் பிரஷர் பேக்கை (திரவத்தை அழுத்தித் தள்ளும் பை) ஒருபோதும் இணைத்துவிடாதீர்கள்.

பதில் 3

சி.பி.பி. (சராசரி இரத்த அழுத்தத்தில் ஐ.சி.பி.யைக் கழித்தால் வரும், மூளைக்கு இரத்தம் செலுத்தும் அழுத்தம்) கணக்கிடுகிறீர்கள் என்றால், ஆர்ட்டீரியல் டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்தில் இருக்கிறதா, காது மட்டத்தில் இருக்கிறதா என்பதையும் குறியுங்கள். தலைப்பக்கம் 30 டிகிரி உயர்ந்திருக்கும்போது, இதய மட்டத்தில் எடுத்த அளவு மூளைக்குக் கிடைக்கும் அழுத்தத்தை மிகைப்படுத்திக் காட்டும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. விடியற்காலையில் எக்ஸ்ரேக்காகக் கட்டிலை இறக்கியிருக்கிறார்கள். வித்தியாசம் அரைச் சாண்கூட இல்லை, சுமார் 9 செ.மீ. மட்டம் சரிசெய்து, குழாயை மூடி எடுத்தபோது 17 வந்தது. மருத்துவரிடம் தெரிவித்துவிட்டேன், மருந்து அப்படியே தொடர்கிறது. இன்றிரவு முதல், பணி மாறும்போது இருவரும் கட்டிலருகில் நின்று மட்டத்தைச் சேர்ந்து பார்த்தபின்பே கையெழுத்திடுவது என்று இரவு சிஸ்டரும் நானும் பேசி முடித்திருக்கிறோம்.