தட்டைமிதி வேண்டாம், பலகைமிதி போதும்

அன்புள்ள கலைச்சொல் நண்பர்களுக்கு,

வணக்கம். காலைக் கட்டாத அகலமான மிதிவண்டிப் பெடலுக்கு (ஆங்கிலத்தில் ‘பிளாட் பெடல்’) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். அதற்குச் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் டர்பனிலிருந்தும் விடைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை படித்தேன். மிதிவண்டியின் ஒரு சிறு உறுப்புக்காக இத்தனை பேர் நேரம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மொரீசியசில், காத்ரு போர்னில் வசிக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான்கு பக்கத்தில் ஒரு மிதிவண்டிக் கையேடு எழுதிவருகிறேன். சங்கிலி, சக்கரம், கைப்பிடி, பிரேக் எல்லாம் தடங்கலின்றி வந்துவிட்டன. மிதியில் வந்து நின்றுவிட்டேன். மிதி என்பதே பெடலுக்கு நல்ல சொல்தான். ஆனால் அதன் வகைகளைப் பிரித்துச் சொல்லாமல், பள்ளிக்கும் வேலைக்கும் தினமும் வண்டியில் போகிறவர் எதை வாங்க வேண்டும் என்று எப்படி எழுதுவது? இங்கே கடைக்காரர் பிரெஞ்சில் ‘பெதால் பிளாத்’ என்கிறார், பெட்டியில் ‘பிளாட் பெடல்’ என்று அச்சிட்டிருக்கிறது. தமிழில் மட்டும் பெயர் இல்லை.

சென்னை ஐயா ‘தட்டைமிதி’ என்றார். நானும் முதலில் அதையே எழுதியிருந்தேன். வகுப்பில் அது உடைந்தது. மேசைமேல் மூன்று மிதிகளை வைத்து, பெயர் எதுவும் சொல்லாமல், தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி உள்ளங்கையைப் பிளாட் பெடலின்மேல் வைத்து அழுத்திவிட்டு, “பலகை மாதிரி இருக்கிறது, ஆனால் நடுவில் பள்ளம்” என்றாள். அவள் சொன்னது முற்றிலும் சரி. நல்ல மிதிகள் பலவற்றில் நடுப்பகுதி ஓரிரு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும், பாதத்தின் முன்பகுதி அந்தக் குழிவில் அமர வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். நான் பரிந்துரைப்பதும் அந்தப் பள்ளமுள்ள வகையைத்தான். ‘தட்டைமிதி வாங்கும்போது தட்டையாக இல்லாததைப் பார்த்து வாங்குங்கள்’ என்று நான் எப்படி எழுதுவேன்?

யாழ்ப்பாணத்து அன்பர் தந்த ‘கட்டிலா மிதி’ கருத்தளவில் மிக நல்லது. காலைக் கட்டாத மிதி என்பதுதான் பொருளின் உயிர். ஆனால் கட்டு, இலா என்று பிரித்துப் படிக்கும் முன்பே கண்ணில் கட்டில் வந்து நிற்கிறது. படிக்கிறவர் ஒரு கணம் தடுமாறினாலும் அது கையேட்டுக்கு உதவாது.

டர்பன் அம்மையாரின் ‘தாங்குமிதி’யைத்தான் விட மனமில்லாமல் விடுகிறேன். வினைத்தொகையாக அமைத்திருக்கிறார். ஊறுகாய், சுடுசோறு போல மூன்று காலத்தையும் உள்ளே வைத்திருக்கும் சொல். கருவிப் பெயர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாய்பாடு தமிழில் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் காலைத் தாங்காத மிதி எது? எல்லா வகையும் தாங்கத்தான் செய்கிறது. வேறுபடுத்திக் காட்டாத அடைமொழி வகைப்பெயருக்கு ஆகாது.

அந்த வாய்பாட்டை வேறு இடத்தில் பயன்படுத்திக்கொள்ள அம்மையார் அனுமதிக்க வேண்டும். பந்தய வீரர்களின் மிதி இருக்கிறதே, காலணியின் அடியில் உள்ள ஆப்பை ஸ்பிரிங் வைத்த வாயால் பிடித்துக்கொள்வது, அதற்குக் ‘கவ்வுமிதி’ என்று வைப்போம். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘கிளிப்லெஸ்’. கிளிப் இல்லாதது என்று பெயர், ஆனால் காலணியைப் பிடித்துக்கொள்வதே அதன் வேலை! முன்காலத்தில் விரல்நுனியைச் சுற்றிக் கம்பிக்கூடும் தோல்வாரும் இருந்தன, அந்தக் கூட்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். 1984-இல் பிரான்சின் லுக் நிறுவனம் கூடில்லாமல் காலணியைப் பிடிக்கும் மிதியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதில் மிதித்தே டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். கூடு போனதால் வந்த பெயர் அது. அந்தக் கூட்டையே பார்த்திராத எங்கள் பிள்ளைகளுக்கு அதை மொழிபெயர்த்துத் தருவதில் பயனில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ‘தானியங்கி மிதி’ என்கிறார்கள். எது தானே இயங்குகிறது என்று அந்தப் பெயரிலும் தெரியவில்லை. கவ்வும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடும். ‘பூட்டுமிதி’ என்றால் சாவி தேடத் தோன்றும். கவ்வுமிதியில் அந்தச் சிக்கல் இல்லை. பழைய வார் வைத்த வகைக்கு ‘வார்மிதி’ போதும்.

இனி நம் பொருளுக்கு வருகிறேன். அந்தச் சிறுமியின் சொல்லையே எடுத்துக்கொண்டு, ‘பலகைமிதி’ என்று முன்மொழிகிறேன். பலகை அகலமானது, கால் எங்கே பட்டாலும் ஏற்றுக்கொள்ளும், எதையும் பிடித்து வைக்காது. தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உட்காரும் மணைப்பலகையிலும் தேய்ந்த பள்ளம் உண்டு. தறியில் உள்ள மிதிபலகையோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். குழம்பாது. தமிழ்த் தொகையில் பின்னால் நிற்பதே தலைச்சொல். மிதிபலகை ஒரு பலகை, பலகைமிதி ஒரு மிதி.

மேற்பரப்பில் துருத்தி நிற்கும் சிறு உலோக முனைகளுக்கு இருவர் ‘ஆணி’ என்று எழுதியிருந்தீர்கள். இதில் மட்டும் எங்கள் ஊர் மனத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மொரீசியசில் தைப்பூசம் அரசு விடுமுறை நாள். காவடி ஊர்வலத்தில் ஆணி பதித்த பாதக்குறட்டின்மேல் நடந்துவரும் அடியார்களைப் பிள்ளைப் பருவத்திலிருந்தே பார்த்திருக்கிறோம். காலுக்கும் ஆணிக்கும் இங்கே ஏற்கெனவே ஓர் உறவு இருக்கிறது, அது நேர்த்திக்கடனுக்கு உரியது. கடைச் சரக்குக்கு அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. மேலும் இவை அடித்து இறக்கியவை அல்ல, மரை (திருகுச் சுற்று) உள்ளவை, திருகிக் கழற்றலாம். கடிகார முள், தராசு முள் என்று மெல்லிய உலோக முனைக்கு முள் என்பது நம் வழக்கம். ஆகவே ‘திருகுமுள்’.

சொற்கள் கையில் வந்தபின் கையேட்டுப் பகுதியை எழுத அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதன் சாரம் இது: எடை குறைந்த பலகைமிதி என்றதும் மக்னீசியம் உடலும் டைட்டானியம் அச்சும் என்று போகாதீர்கள். விலை பல மடங்கு, சவாரி செய்பவரின் எடைக்கு வரம்பும் பலவற்றில் உண்டு. மக்னீசியத்தின் பூச்சு கல்லில் பட்டு உரிந்துவிட்டால் எங்கள் கடற்காற்றின் உப்பு அதை அரித்துவிடும். நைலான் உடல், எஃகு அச்சு உள்ள ஒரு சோடி சுமார் 350 முதல் 400 கிராம். அலுமினியச் சோடி பலவும் அதே அளவு அல்லது அதற்கு மேல். விலையுயர்ந்த சோடிக்கும் நைலானுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய அரைத் தம்ளர் தண்ணீரின் எடை. வேலைக்குப் போகிறவரின் பையில் சோற்று டப்பாவே அதைவிடக் கனம். துருப்பிடிக்காத உடல், மூடிய பேரிங், இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

தோல்செருப்பும் அலுவலகக் காலணியும் அணிகிறவர்கள் நீண்ட திருகுமுள்ளைத் தவிர்க்க வேண்டும், அடித்தோலைக் கீறிவிடும். முள் அறவே இல்லாததும் கூடாது. கூர்பீப் ஊர்ப் பக்கம் மழை பிடித்தால் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த நைலானில் நனைந்த காலணி நழுவினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில்தான் அடி. குறுகிய முள் போதும். எடை குறைந்த மிதிகள் பலவற்றில் ஒளிதிருப்பி (ரிஃப்ளெக்டர்) மாட்ட இடமே இல்லை. மாலையில் திரும்புகிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

மரை பற்றியும் ஒரு பத்தி உண்டு, அது என் கைபட்ட பாடம். மாமாவின் பழைய பிரெஞ்சு வண்டிக்குப் புதிய மிதி வாங்கினேன். இரண்டு சுற்று விரலாலேயே போனது, பிறகு இறுகியது. பிசுக்கு என்று நினைத்து 15 மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு அழுத்தினேன். கிராங்கின், அதாவது மிதியைத் திருகி மாட்டும் கையின், துளையிலிருந்து அலுமினியச் சுருள் மெல்லிய முடிபோல் வெளியே வந்தபோதுதான் புரிந்தது. இன்றைய மிதியின் மரை 9/16 அங்குலம், அதாவது சுமார் 14.3 மில்லிமீட்டர். பழைய பிரெஞ்சு அளவு 14 மில்லிமீட்டர். இந்தத் தீவில் பழைய பிரெஞ்சு வண்டி வைத்திருப்பவர்கள், இரண்டு சுற்றில் இறுகினால் நிறுத்திவிடுங்கள். புது மரை வெட்டத் தெரிந்தவரிடம் கிராங்கைக் கொடுத்தால் துளை சரியாகும்.

இங்கேதான் உங்கள் உதவி இன்னும் தேவை. இடப்பக்க மிதிக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும், இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடும். இந்த இரண்டு மரைக்கும் ‘வலம்புரி’, ‘இடம்புரி’ என்று ஒருவர் அழகாக எழுதியிருந்தார். எனக்கும் ஆசைதான். ஆனால் சங்கில் நாம் வலம்புரி என்று போற்றும் அரிய வகையை உயிரியலார் இடச்சுருள் என்கிறார்கள், சங்கைப் பிடித்துப் பார்க்கும் முறை வேறு என்பதால். சாதாரண வலப்பக்க மரை சுற்றுவது இடம்புரிச் சங்கின் போக்கில். சங்கையும் மிதியையும் அருகருகே வைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு நான் என்ன விடை சொல்வேன்? இப்போதைக்கு, ‘ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்தி முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு மிதியும் இறுகும், பின்சக்கரத்தின் பக்கம் இழுத்தால் கழலும்’ என்று பெயரே இல்லாமல் எழுதியிருக்கிறேன்.

வலமரை, இடமரை என்று வைக்கலாமா? வேறு சொல் இருக்கிறதா? வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை காலை படி எடுக்க வேண்டும்.

அன்புடன்,
காத்ரு போர்னிலிருந்து