ஏலாக் கிணற்றிலிருந்து ஏழு வீட்டுக்குத் தண்ணீர்: எப்படிப் பங்கு வைப்பது?

மேட்டுவிளை:
திருவட்டாறு பக்கம், மேட்டு விளையில் நாங்கள் ஏழு வீடு. மாசி பிறந்தால் எல்லார் கிணறும் அடி தட்டும். இடவப்பாதி (வைகாசி நடு) மழை வரும்வரை குடத்தோடு இறக்கம்தான். கீழே ஏலாக் கரையில், அதாவது வயலோரத்தில், பெரியப்பாவின் கிணறு இதுவரை வற்றியதில்லை. அதில் மோட்டார் வைத்து, மேலே ரப்பர் தோட்டத்தில் 2000 லிட்டர் தொட்டி வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். ஆளுக்கு 55 லிட்டர் என்ற அரசுக் கணக்கில் 28 பேருக்கு 1540 போதும். ஆனால் முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் 15 மீட்டர் இறக்கம். கீழே குழாயைத் திறந்தால் மேலே காற்றுதான் வருமாமே? மேல்வீட்டுச் சித்தி பணம் தருவதற்கு முன்பே அதைத்தான் கேட்கிறாள்.

குழாய்க்காரன்:
சித்தி சொல்வது சரி. 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடும், கீழ்வீடு இழுத்துக்கொள்ளும். வால்வைத் திருகிப் பங்கு வைக்கலாம். ஆனால் பகலில் திருகினதை ராத்திரி எவனாவது திறந்துவிடுவான். வீட்டுக்கு ஒரு 200 லிட்டர் தொட்டி வைத்து மிதவை வால்வு போடுங்கள். கீழே நிரம்பினதும் தானே அடைக்கும், அப்புறம் மேல்வீட்டுக்கும் தண்ணீர் வரும். ஏழும் சேர்ந்தால் 1400தான், பெரிய தொட்டி தாங்கும். லைன் மேடேறி இறங்குகிற இடத்தில் காற்று தங்கும், அங்கே ஏர் வால்வு வேண்டும்.

அருமனைக் கிழவன்:
மக்கா, பைப்புக்கு முன்னால் பத்திரம். எங்களுக்கும் இப்படி ஐந்து வீட்டுக் கிணறு இருந்தது. கிணற்றுக்காரர் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. அவர் போனதும் பிள்ளைகள் பாகம் பிரித்து விற்றார்கள். வாங்கினவர் கேட்டைப் பூட்டினார். மோட்டார் உள்ளே, சுவிட்ச் வெளியே. இரண்டு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் சுமந்தோம். கிணற்றுப் பாத்தியம், அங்கே போகிற வழி, பைப் போகிற வழி மூன்றையும் பெரியப்பா இருக்கும்போதே எழுதிப் பதிந்துவிடு.

ஏலாக்கரை அக்கா:
வயலோரக் கிணறு என்றால் மழைத் தண்ணீர் உள்ளே வடியும், தம்பி. கைப்பிடிச் சுவரை உயர்த்திக் கட்டுங்கள். பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம். வட்டக் கிணறு, 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் 50 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் கிணற்றில் விட வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பை எங்கள் வீட்டுக்காரர் அப்படியே கொட்டிவிட்டு என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

மேட்டுவிளை:
பெரியப்பாவிடம் பத்திரம் என்றதும், "நான் எப்போ சாவேன்னு பார்க்கிறியா?" என்றார். சாயங்காலம் பார்த்தால் டிரங்குப் பெட்டியைத் திறந்துவைத்து, கண்ணாடி போட்டு, பழைய பத்திரத்தில் எல்லை வாசித்துக்கொண்டிருக்கிறார்.