சூடு ஏறினா உடம்பெல்லாம் தடிப்பு, யாருக்காவது இப்படி இருக்கா?

ரங்கூன் சொந்தங்களே, வணக்கம். என் மகனுக்கு வயசு 19. சின்லோன், அதான் காலால தட்டுற பிரம்புப் பந்தாட்டம், ஆடி வேர்க்க ஆரம்பிச்ச சில நிமிஷத்துல கழுத்து, மார்பு, கையெல்லாம் கடுகு கடுகாத் தடிப்பு கிளம்புது, சுத்திலும் சிவப்பு. அரிப்போட சுருக் சுருக்குன்னு குத்துதுங்கறான். ஃபேனடியில உட்கார்ந்தா ஒரு மணி நேரத்துல இருந்த இடம் தெரியாது. சுடுதண்ணியில குளிச்சாலும், காரமாச் சாப்பிட்டாலும், பரீட்சைப் பதற்றத்துலகூட வருது.

பக்கத்து வீட்டு அக்கா வேர்க்குருன்னு சொல்லி தனக்கா மரப்பட்டை அரைச்சுக் குடுத்தாங்க. பூசினா குளுகுளுன்னு இருக்கு, அவ்வளவுதான். வேர்க்குருன்னா நாள்கணக்கா நிக்குமே! டாக்டர், 'கோலினெர்ஜிக் அர்ட்டிகேரியா', உடம்புச் சூடு ஏறினா வர்ற காணாக்கடின்னார். செட்டிரிசின்னு அலர்ஜி மாத்திரை எழுதிக் குடுத்தார். மூச்சு முட்டினாலோ, உதடு வீங்கினாலோ, தலை சுத்தினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணுமாம். இதுவரைக்கும் அப்படி இல்லை, முருகன் புண்ணியம்.

ஏப்ரல் வெயில்ல, அதுவும் கரண்ட் இல்லாத நேரத்துல, எப்படிச் சமாளிக்கிறீங்க? செட்டிரிசின் போட்டா தூக்கமா வருதுங்கறான். டாக்டர்கிட்ட கேட்டு லோராடடின்ங்கற இன்னொரு அலர்ஜி மாத்திரைக்கு மாறினவங்க இருந்தா சொல்லுங்க, பலன் இருந்துச்சா? ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை. நாட்டு வைத்தியம் மட்டும் வேண்டாம், வேப்பிலை ஏற்கெனவே ஒரு சுத்து ஆயிடுச்சு.