அண்டாச்சோறு

(மியான்மரில் யாங்கோனின் தாம்வே, பாகோ, மோல்மீன் என்று பல இடங்களில் இருக்கும் உறவினர்களின் ராத்திரி நேர அரட்டை)

தாம்வே அத்தை: யாராவது முழித்திருக்கிறீர்களா? பெரியவனுக்கு நாலு தடவை வாந்தி. இவருக்கும் வயிற்றைப் பிரட்டுகிறதாம்.

நர்ஸ் அக்கா: இருக்கிறேன் அத்தை. என்ன சாப்பிட்டார்கள்? எத்தனை மணிக்கு?

தாம்வே அத்தை: காதுகுத்துக்கு ஆக்கிய தேங்காய்ப்பால் சோறு. 8 மணிக்கு நன்றாகச் சூடு பண்ணித்தான் கொடுத்தேன். 10 மணிக்கெல்லாம் ஆரம்பித்துவிட்டது. கெட்ட வாடையே இல்லையே!

நர்ஸ் அக்கா: ஆக்கியது எப்போது? காய்ச்சல் இருக்கிறதா, வெளிக்குப் போனால் ரத்தம்?

தாம்வே அத்தை: காலையில் ஆக்கியது. காய்ச்சல், ரத்தம் எதுவும் இல்லை. அண்டாவோடு மூடி வைத்திருந்தேன். ஃப்ரிட்ஜில் வைக்கக் கரண்ட் எங்கே?

நர்ஸ் அக்கா: அப்படியானால் ‘பேசிலஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியாக் கிருமியாகத்தான் இருக்கும். அதன் வித்து அரிசியிலேயே இருக்கும், கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது, வாடையும் காட்டாது.

பாகோ பெரியப்பா: நம்ம அப்பா காலத்தில் ஃப்ரிட்ஜா இருந்தது? பழைய சோறு தின்று வளர்ந்த உடம்பு தங்கச்சி இது. கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடு.

நர்ஸ் அக்கா: பெரியப்பா, பழைய சோறு தண்ணீரில் புளிக்கிறது. புளிப்பு ஏறினால் இந்தக் கிருமிக்கு ஆகாது. தேங்காய்ப்பால் சோற்றில் யார் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள்? மாத்திரை கிருமியைக் கொல்லும், வயிற்றுக்குள் போன நஞ்சை என்ன செய்யும்? அத்தை, உடம்பில் தண்ணீர் வற்றாமல் இருக்கக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கிறதா?

தாம்வே அத்தை: இல்லை. கடையும் மூடியாச்சு.

நர்ஸ் அக்கா: அப்படியானால் வீட்டிலேயே கலக்குங்கள்: காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை தலைதட்டி 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உப்பைக் கூட்டிவிடாதீர்கள். மடக்மடக்கென்று குடித்தால் திரும்ப வாந்திதான், ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். 6 மணி நேரமாக ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, கண் சொருகினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மோல்மீன் சித்தி: இங்கேயும் கரண்ட் இல்லை. பின்னே எப்படித்தான் வைப்பது?

நர்ஸ் அக்கா: அண்டாவின் நடுச்சோறு மணிக்கணக்கில் ஆறாது சித்தி, அங்கேதான் கிருமிக்குக் கொண்டாட்டம். தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

தாம்வே அத்தை: ஐயோ, மூணாம் மாடி பர்மாக்காரப் பாட்டிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேனே!

மோல்மீன் சித்தி: அண்ணி, இப்பவே போய்க் கதவைத் தட்டுங்கள்!

தாம்வே அத்தை: போய்விட்டு வந்தேன். காலைக்கு என்று எடுத்து வைத்திருந்தார், கொட்டச் சொல்லிவிட்டேன். பெரியவன் அரை டம்ளர் குடித்திருக்கிறான். இன்னும் வாந்தி வரவில்லை.

பாகோ பெரியப்பா: சரி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் காலையில் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.